ரோமிலிருந்து ஒரே நாளில் போய்வர, கூட்டமில்லாத மலையூர்கள்: அனுபவசாலிகள் சொல்லுங்களேன்

மழைக்காகிதம்

எல்லாருக்கும் வணக்கம். அக்டோபர் கடைசி வாரம் ரோம் போகிறோம். நான், மனைவி, கூடவே அத்தையும் மாமாவும். கொலோசியம், வத்திக்கான் எல்லாம் முடித்த பிறகு சில நாள் கையில் இருக்கும். அப்போது ரோமிலேயே தங்கிக்கொண்டு, காலையில் கிளம்பி ராத்திரிக்குள் திரும்புகிற மாதிரி மலை மேலிருக்கும் பழைய ஊர்கள் பார்க்க ஆசை.

சியேனா, சான் ஜிமிஞ்ஞானோ இரண்டும் நானும் மனைவியும் முன்பே போனவை. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் கோபுரத்தைவிட செல்ஃபி குச்சிதான் அதிகம் கண்ணில் பட்டது. அந்த வகை வேண்டாம்.

மாமா தொல்லியல் துறையிலிருந்து ஓய்வு பெற்றவர். பழைய கிணறு, மதில் என்றால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். முழங்கால்தான் கொஞ்சம் தகராறு. அத்தை சுத்த சைவம், முட்டையும் கிடையாது. எனக்கு கார் ஓட்டத் தெரியும், ஆனால் சாலையின் வலதுபக்கம் ஓட்டிப் பழக்கமில்லை. எங்கே போகலாம்?

நெடுஞ்சாலை_நாயகன்

யோசிக்கவே யோசிக்காதீங்க ப்ரோ, கார் எடுங்க. அந்த ஊருக்கெல்லாம் பஸ்ஸை நம்பிப் போனா பாதி நாள் நிழற்குடையிலதான் உக்காந்திருக்கணும். கார் இருந்தா காலைல ஓர்வியெத்தோ, மத்தியானம் சீவிதா தி பாஞ்ஞோரேஜோ, சாயங்காலம் பித்திலியானோன்னு ஒரே நாள்ல மூணு ஊர் முடிச்சிரலாம். வலதுபக்கம் ஓட்டறதெல்லாம் அரை மணி நேரத்துல பழகிரும்.

உம்ப்ரியாக்காரி

மேலே சொன்ன தம்பிக்கு ஒரு கும்பிடு. ஆனால் அந்த மூன்று ஊரையும் ஒரே நாளில் “முடிக்கலாம்” என்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. நான் உம்ப்ரியா மாநிலத்தில் பெருஜா பக்கம் குடியிருக்கிறேன். விருந்தாளிகளைக் கூட்டிப்போவதே பாதி வேலையாகிவிட்டது.

இந்த ஊர்களில் மதியம் ஒரு மணிக்குக் கடை, தேவாலயம், சின்ன அருங்காட்சியகம் எல்லாம் சாத்திவிடுவார்கள். மறுபடி திறக்க மூன்றரை, நான்கு ஆகும். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். அதற்குப் பிறகு மாலை ஐந்து மணியை ஒட்டியே இருட்டத் தொடங்கிவிடும். கூட்டிக் கழித்துப் பாருங்கள். மூன்று ஊர் என்று கிளம்பினால் ஒன்றில் காலை வெளிச்சம், ஒன்றில் பூட்டிய கதவு, ஒன்றில் இருட்டு. ஒரு நாளைக்கு ஓர் ஊர் போதும். மிஞ்சினால் பக்கத்திலேயே இன்னொன்று.

உங்கள் கதைக்கு முதல் ஊர் ஓர்வியெத்தோ. “அது பிரபலமான ஊராயிற்றே” என்று சண்டைக்கு வராதீர்கள். உங்கள் மாமாவுக்காகத்தான் சொல்கிறேன். ரோம் தெர்மினி நிலையத்திலிருந்து நேரடி ரயில், சாதாரண ரயிலில் ஒன்றே கால் மணி நேரத்தை ஒட்டி. இறங்கியதும் நிலையத்துக்கு எதிரிலேயே கம்பிவட ரயில். சில நிமிடத்தில் மலை மேல் ஏற்றிவிடும். முதலில் 1888இல் தண்ணீரின் எடையால் ஓடிய வண்டி அது, இப்போது மின்சாரம். மேலே போய்விட்டால் ஊர் பெரும்பாலும் சமதளம், முழங்காலுக்குத் தொந்தரவில்லை.

முதலில் பேராலயம். 1290இல் தொடங்கிய கட்டடம், முகப்பை வடித்தவர் லொரென்சோ மைத்தானி. வாசல் பக்கத்துத் தூண்களில் கண்மட்டத்திலேயே புடைப்புச் சிற்பங்கள் இருக்கின்றன. ஆதாமின் விலா எலும்பிலிருந்து ஏவாள் வருகிற இடத்தை நின்று பாருங்கள். உள்ளே சான் பிரிட்சியோ சிற்றாலயத்தில் லூக்கா சிஞ்ஞொரெல்லி 1499 முதல் 1504 வரை தீட்டிய கடைசித் தீர்ப்பு ஓவியம். செத்தவர்கள் தரையைப் பிளந்துகொண்டு எழுந்து வருகிறார்கள். ஒருவன் இடுப்பு வரை வெளியே வந்துவிட்டு, இரண்டு கையையும் மண்ணில் ஊன்றி மிச்ச உடம்பை இழுக்கிறான். சில பேருக்கு இன்னும் சதை வந்து சேரவில்லை, எலும்போடு நிற்கிறார்கள்.

பிறகு சான் பத்ரீத்சியோ கிணறு. 1527இல் ரோம் சூறையாடப்பட்டபோது போப் ஏழாம் கிளெமெந்த் இங்கே தப்பி வந்தார். ஊரை முற்றுகையிட்டால் தண்ணீருக்கு வழியில்லை என்று பயந்து வெட்டச் சொன்னது. கட்டியவர் இளைய அந்தோனியோ தா சங்கால்லோ. 50 மீட்டருக்கு மேல் ஆழம். உள்சுவரைச் சுற்றி இரண்டு படிக்கட்டு, ஒன்றோடொன்று சேராமல் திருகுத் திருகாக இறங்கும். குடத்தோடு வெறுமனே இறங்குகிற கோவேறு கழுதை ஒரு வழி, தண்ணீரோடு ஏறுகிற கழுதை இன்னொரு வழி. நேருக்கு நேர் முட்டவே முட்டாது. அடியில் ஒரு சின்னப் பாலத்தில் ஏறி அந்தப் பக்கம் போகணும். இறங்க 248 படி, ஏறவும் அவ்வளவே. லிப்ட் கிடையாது. மாமாவை மேலேயே நிற்க வைத்து எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கேட்கமாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

அவர் மனசு நிறைய வேண்டுமானால் மலையடிவாரத்தில் குரோச்சிஃபீஸ்ஸோ தெல் தூஃபோ இடுகாடு. ரோமருக்கு முன்பே இங்கே வாழ்ந்த எத்ருஸ்கர்கள் கட்டியது, கி.மு. 6ஆம் நூற்றாண்டு. கல்லறைகளைத் தெருத்தெருவாக, நேர்கோட்டில், வீடு மாதிரி கட்டியிருக்கிறார்கள். வாசல் நிலைக்கு மேலே குடும்பத் தலைவர் பெயர் வெட்டியிருக்கும். பேராலயத்துக்கு வருகிறவர்களில் பத்தில் ஒருவர்கூட இங்கே இறங்குவதாகத் தெரியவில்லை.

திண்ணைவாசி

உம்ப்ரியாக்காரி அக்கா சொன்னதில் பாதிக்கு ஆமாம். ஆனால் ஓர்வியெத்தோ போனால் அடுத்து எல்லாரும் தள்ளிவிடுகிற இடம் சீவிதா. அங்கே மட்டும் போகாதீர்கள் என்பேன். ஊருக்குள் நுழைய 5 யூரோ சீட்டு. உள்ளே பத்துப் பதினைந்து பேர்தான் நிரந்தரமாகக் குடியிருப்பது. மற்றதெல்லாம் தங்கும் விடுதி, உணவகம், பூந்தொட்டி. ஊரில்லை அது, சினிமா செட்டு.

நெடுஞ்சாலை_நாயகன்

அஞ்சு யூரோ கொடுக்க மனசில்லைன்னு நேரா சொல்லிருங்க சார் 😀

உம்ப்ரியாக்காரி

திண்ணைவாசி, சீட்டு வந்த கதையைச் சொல்கிறேன், பிறகு திட்டுங்கள்.

அந்த ஊர் உட்கார்ந்திருப்பது எரிமலைக் கல் மேல். போல்சேனா ஏரி இருக்கிற இடத்தில் இருந்த எரிமலைகள் கக்கிய சாம்பல் இறுகிக் கல்லானது. கத்தியால் செதுக்கலாம் போல மென்மை, அதனால்தான் வீட்டுக்கு வீடு அடியில் குகை. அந்தக் கல்லுக்குக் கீழே வெறும் களிமண். இரண்டு பக்கமும் ஓடுகிற ஓடைகளும் மழையும் களிமண்ணை அரித்துக்கொண்டே இருக்கின்றன. அடி போனால் மேலே இருக்கிற கல் விளிம்பு விளிம்பாக உடைந்து விழும். 1695 பூகம்பத்துக்குப் பிறகு ஜனங்கள் ஒவ்வொருவராகப் பக்கத்து பாஞ்ஞோரேஜோவுக்குப் போனார்கள். இப்போது நாம் நடந்து போகிற கான்கிரீட் பாலம் 1965இல் கட்டியது. ஊருக்குள் ஒரு பழைய மாளிகை முகப்பு இருக்கிறது. கதவும் ஜன்னலும் அழகாக நிற்கும். ஜன்னல் வழியே பார்த்தால் வானம். பின்னால் இருந்த வீடு பள்ளத்தில்.

நுழைவுச் சீட்டு 2013இல் வந்தது, முதலில் ஒன்றரை யூரோ. அந்த வருமானத்தில்தான் நகராட்சி உள்ளூர் வரியையே எடுத்துவிட்டது. பக்கத்து பாஞ்ஞோரேஜோவில் கடை வைத்திருக்கிற பையனுக்குப் பிழைப்பு கிடைத்தது. செட்டு என்கிறீர்கள். இல்லையென்றால் இடிபாடு. இரண்டில் எது தேவலை?

மழைக்காகிதம், உங்களுக்கு மட்டும்: பாலத்தின் கடைசிப் பகுதி செங்குத்தான ஏற்றம், வண்டி கிடையாது. ஓர்வியெத்தோவிலிருந்து பாஞ்ஞோரேஜோவுக்கு கோத்ரால் பஸ் உண்டு. நாளுக்குச் சில தடவைதான். ஞாயிற்றுக்கிழமை அந்தத் தடத்தை நம்பி இறங்காதீர்கள். பஸ் நிற்கும் இடத்திலிருந்து பாலம் வரைக்கும் இன்னொரு நல்ல நடை. முழங்கால் வலி என்றால் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிற பார்வை மேடையோடு நிறுத்திக்கொண்டு, பெரியவர்களுக்கு ஒரு காப்பி வாங்கிக்கொடுங்கள்.

திண்ணைவாசி

இடிபாடு தேவலை என்று சொல்லமாட்டேன். ஆனால் “சாகும் ஊர்” என்று விளம்பரப் பலகை வைத்து, சாவதைப் பார்க்கச் சீட்டு விற்பது எனக்கு ஒட்டவில்லை. சரி, விடுங்கள். சண்டை போட வரவில்லை, மாற்று இடம் சொல்ல வந்தேன்.

வித்தேர்போ போங்கள். ரோமில் ஒஸ்தியென்ஸே, த்ராஸ்தேவெரே, வத்திக்கானை ஒட்டிய சான் பியெத்ரோ நிலையங்களிலிருந்து ரயில். இரண்டு மணி நேரம் ஆகும், அவசரப்படாத வண்டி. வித்தேர்போ மதில் சூழ்ந்த பெரிய ஊர், ஆனால் வெளிநாட்டுக் கூட்டம் கம்மி. கடைக்காரர் கடைக்காரராகவே இருப்பார், உங்களைப் பார்த்து ஆங்கில மெனுவை நீட்டமாட்டார்.

இங்கேதான் போப் தேர்தலைப் பூட்டிவைத்து நடத்துகிற வழக்கத்துக்கு விதை விழுந்தது. 1268இல் போப் நான்காம் கிளெமெந்த் இந்த ஊரில் இறந்தார். அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கக் கர்தினால்கள் கூடினார்கள். கூடினார்கள், கூடினார்கள், முடிவு வரவில்லை. வருஷம் போய் அடுத்த வருஷமும் போனது. ஊர்க்காரர்கள் பொறுமையிழந்து அவர்களை மாளிகைக்குள் வைத்துப் பூட்டினார்கள், சாப்பாட்டைக் குறைத்தார்கள், கடைசியில் கூரையையும் பிரித்தார்கள். 1271 செப்டம்பரில் ஒருவழியாகப் பத்தாம் கிரெகோரி தேர்வானார். அவரும் அந்த நேரத்தில் அங்கே இல்லை, புனித பூமியில் இருந்தார். வந்ததும் 1274இல் “இனிமேல் பூட்டித்தான் நடத்தணும்” என்று சட்டமே போட்டுவிட்டார். அந்த மாளிகை மண்டபத்துக்குள் இன்றைக்கும் போய் நிற்கலாம். பக்கத்தில் சல்லடை மாதிரி செதுக்கிய கல் வளைவுகளோடு ஒரு திறந்த மாடம், அதன் வழியாகப் பள்ளத்தாக்கு.

சான் பெல்லெக்ரீனோ என்கிற பழைய பகுதியில் வீடுகளுக்கு வெளியிலேயே கல் படிக்கட்டு ஏறும், மேலே ஒரு சின்ன முற்றம், அதைத் தாங்க அரை வளைவு. எல்லாம் பெப்பெரீனோ என்கிற சாம்பல் கல். சிவப்பு ஜெரேனியம் வைத்தால் கல் இன்னும் கறுப்பாகத் தெரியும். மாமாவுக்குப் பிடிக்கும்.

வித்தேர்போவிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம் போனால் வித்தொர்க்கியானோ. இதுதான் நான் உண்மையில் சொல்ல வந்த ஊர். பெரிய பாறை விளிம்பில், பாறையும் வீடும் ஒரே கல், ஒரே நிறம். எங்கே மலை முடிந்து சுவர் ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடிக்க நேரமாகும். ஒரு பக்கம் மதில், மற்ற பக்கம் பள்ளம். உள்ளே நான் போனபோது இரண்டு பாட்டிகள் வாசலில் நாற்காலி போட்டு பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தார்கள். வேறு சுற்றுலாப் பயணி யாரும் கண்ணில் படவில்லை.

ஒரு வினோதம்: ஊருக்கு எதிர்ப்புற மேட்டில் ஈஸ்டர் தீவுச் சிலை ஒன்று நிற்கிறது. பொம்மை இல்லை. 1990இல் ஈஸ்டர் தீவிலிருந்து வந்த குடும்பத்தார் இந்த ஊர்க் கல்லிலேயே, அவர்கள் முறைப்படி கைக்கோடரியும் கல்லும் கொண்டு செதுக்கியது. அதன் பக்கத்தில் நின்றால்தான் ஊர் முழுசாகத் தெரியும்.

மழைக்காகிதம்

அப்பப்பா, இவ்வளவு வருமென்று எதிர்பார்க்கவில்லை. மாமாவிடம் கிணற்றுக் கதையைப் படித்துக் காட்டினேன். “248தானே” என்றார். அக்கா கணித்தது சரி.

சாப்பாடு பற்றி யாராவது சொல்லுங்கள். அத்தை தயிர்சாதம் கட்டிக்கொள்ளலாம் என்கிறார். அது வரைக்கும் போக வேண்டாம் என்று பார்க்கிறேன்.

பசுமஞ்சள்

சாப்பாட்டுக் கேள்வி என்றால் நான் ஆஜர். நானும் முட்டை சேர்க்காத சைவம்தான்.

ஓர்வியெத்தோவில் உம்ப்ரிக்கெல்லி என்று ஒரு தடித்த நூல் பாஸ்தா. வெறும் மாவும் தண்ணீரும், முட்டை இல்லை, கையால் உருட்டியது. அதையே டஸ்கனிப் பக்கம் பீச்சி என்பார்கள். “அர்ராபியாத்தா” என்று கேட்டால் தக்காளி, பூண்டு, காய்ந்த மிளகாய். காரம் நம்மூர் அளவுக்கு இல்லை, ஆனாலும் நாக்குக்குத் தெரியும். பீச்சியை “அல்யோனே” என்று பெரிய பூண்டுச் சாறோடும் தருவார்கள். அத்தைக்கு நிச்சயம் ஒத்துப்போகும்.

வித்தேர்போ பக்கம் அக்குவாகோத்தா என்று ஒரு ஏழை வீட்டுக் கஞ்சி: காட்டுக்கீரை, உருளைக்கிழங்கு, பழைய ரொட்டி, மேலே ஆலிவ் எண்ணெய். சில இடத்தில் முட்டை உடைத்து ஊற்றுவார்கள், கருவாடு போல உப்பிட்ட மீனும் சேர்ப்பார்கள். ஆகவே “சென்சா உவோவோ, சென்சா பெஷ்ஷே” (முட்டை வேண்டாம், மீன் வேண்டாம்) என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பருப்பு, பீன்ஸ் சூப்பை மட்டும் நம்பாதீர்கள். பார்க்க சாம்பார் போல அப்பாவியாக இருக்கும், அடியில் பன்றிக் கொழுப்பைத் தாளித்திருப்பார்கள். பெக்கொரீனோ, பார்மிஜானோ பாலாடைக்கட்டிகளில் கன்று அல்லது ஆட்டுக்குட்டியின் வயிற்று நொதி சேர்க்கிறார்கள். அதையும் தவிர்க்கிறவர் என்றால் “சென்சா ஃபொர்மாஜோ”.

ரொட்டியைக் கடித்துவிட்டு “உப்பு போட மறந்துவிட்டார்கள்” என்று அத்தை சொல்லுவார். உம்ப்ரியா, டஸ்கனி இரண்டிலும் ரொட்டியில் உப்பே கிடையாது. அக்டோபர் கடைசியில் புது ஆலிவ் எண்ணெய் வரத் தொடங்கும். பச்சையாக, தொண்டையில் மிளகு மாதிரி கீறும். சுட்ட ரொட்டியில் பூண்டைத் தேய்த்து அந்த எண்ணெயை ஊற்றி, உப்பு தூவித் தரச் சொல்லுங்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு ஒன்றரைக்குள் உட்கார்ந்துவிடுங்கள். இரண்டரைக்கு அடுப்பை அணைத்துவிட்டால் கெஞ்சினாலும் நடக்காது. பில்லில் ஆளுக்கு ஒன்றிரண்டு யூரோ “கொபெர்த்தோ” என்று போடுவார்கள், ஏமாற்று இல்லை, வழக்கம்.

பலெர்மோப்_பெடியன்

வணக்கம் எல்லாருக்கும். நான் பலெர்மோவில இருக்கிறன். இஞ்சை எங்கட சனம் நிறைய இருக்கு. சந்த ரொசாலியா மாதாவின்ர மலைக்கு சைவ சமயத்துச் சனமும்தான் நடந்து ஏறுறவை. நீங்கள் எல்லாரும் ரோமையே சுத்திக்கொண்டு நிக்கிறியள், அதான் எழுத வந்தனான்.

ஆராவது சிசிலி வந்தா காக்கமோவைப் பாருங்கோ. பலெர்மோவில இருந்து தெர்மினி இமெரேசெக்கு ரயில், அங்கயிருந்து பஸ். பாறை உச்சியில நோர்மன் காலத்துக் கோட்டை, சிசிலியிலயே பெரிய கோட்டையள்ல ஒண்டு. 1160இல மத்தேயோ பொனெல்லோ எண்டவர் அரசன்ர முதலமைச்சரைக் கொண்டுபோட்டு இந்தக் கோட்டைக்குள்ளதான் வந்து ஒளிச்சவர். நாங்கள் ஒரு வேலை நாளில போனம், எங்கட குடும்பத்தைத் தவிர ஒருத்தரும் இல்லை. காவலுக்கு நிண்ட ஐயா தானே வந்து ஒவ்வொரு அறையாத் திறந்து காட்டினவர்.

மழைக்காகிதம் அண்ணைக்கு இந்தமுறை தூரம் எண்டு தெரியும். பிறகு ஒருக்கா வாறதெண்டா சொல்லுங்கோ.

தமிழாசிரியை_ஓய்வு

ஊர்களைப் பேசும்போது ஒன்று சேர்க்கட்டுமா? வீரமாமுனிவர் 1680இல் பிறந்தது வட இத்தாலியில் கஸ்தில்யோனே தெல்லே ஸ்திவியேரே என்கிற ஊரில். கார்தா ஏரிக்குத் தெற்கே. அங்கே யாராவது போயிருக்கிறீர்களா?

உம்ப்ரியாக்காரி

அம்மா, போயிருக்கிறேன். மலை என்று சொல்ல முடியாது, பழைய பனியாறு தள்ளிக்கொண்டு வந்து குவித்த மண்மேடுகள்தான். ரோமிலிருந்து ஒரு நாள் பயணத்துக்குள் அடங்காது. மிலான், வெரோனா பக்கம் தங்குகிறவர்கள் போகலாம். 1859 சொல்ஃபெரீனோ போரில் காயம்பட்டவர்களை அந்த ஊர் தேவாலயத்தில்தான் கொண்டுவந்து கிடத்தினார்கள். ஊர்ப் பெண்கள் எந்தப் பக்கத்துச் சிப்பாய் என்று பாராமல் எல்லாருக்கும் கட்டுப் போட்டார்கள். ஹென்றி துனாந் அதைக் கண்ணால் பார்த்தவர், செஞ்சிலுவைச் சங்கத்துக்கு அதுதான் தொடக்கம். செஞ்சிலுவை அருங்காட்சியகமும் அங்கே இருக்கிறது.

நெடுஞ்சாலை_நாயகன்

சரி, மூணு ஊர் வாபஸ். ஆனா காரே வேண்டாம்னு சொல்றதை ஒத்துக்கமாட்டேன். ஏன்னா பித்திலியானோவுக்கு ரோம்ல இருந்து பஸ்ல போய் அன்னைக்கே திரும்பறது கஷ்டம். அந்த ஊரை விடறதுக்கு எனக்கு மனசு வராது.

ரோம் உள்ள ஓட்டவே வேண்டாம். ரயில்ல ஓர்வியெத்தோ வந்து, அங்க ஒரு நாளைக்கு வாடகைக் கார் எடுங்க. போல்சேனா ஏரிப் பக்கமா போற ரோடு, ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. ஊரைத் தாண்டி மஞ்சியானோ ரோட்டுல கொஞ்சம் போனா ஒரு வளைவு வரும், மாதா கோயில் பக்கத்துல. அங்கிருந்து திரும்பிப் பார்த்தா ஊர் மொத்தமும் எதிர்ல நிக்கும். வண்டியை ஓரங்கட்டாம யாரும் போனதில்லை.

16ஆம் நூற்றாண்டுல போப்போட ஆட்சிப் பகுதியில யூதர்களைத் தனிச் சேரிக்குள்ள அடைச்சப்ப, எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்த பித்திலியானோவுக்கு நிறைய பேர் வந்து சேர்ந்தாங்க. 1598ல கட்டின தொழுகைக்கூடம் இருக்கு. இடிஞ்சு விழுந்ததை 1995ல திருப்பிக் கட்டினாங்க. அதுக்குக் கீழ பாறையைக் குடைஞ்சு ரொட்டி அடுப்பு, ஒயின் அறை, துணிச் சாயம் போடற இடம்னு அடுக்கடுக்கா. சனிக்கிழமை பூட்டியிருக்கும், ஞாபகம். நாஜி காலத்துல சுத்துப்பட்டு விவசாயிங்கதான் அந்தக் குடும்பங்களைக் குகையிலயும் பண்ணையிலயும் ஒளிச்சு வெச்சாங்க.

பேக்கரியில “ஸ்ஃப்ராத்தோ”ன்னு ஒரு இனிப்பு. தடி மாதிரி நீளமா இருக்கும், உள்ள தேனும் வால்நட்டும் ஆரஞ்சுத் தோலும். வீட்டைக் காலி பண்ணச் சொல்லி அதிகாரிங்க கதவைத் தட்டின தடியை ஞாபகம் வெச்சு செஞ்சதாம். அத்தைக்கு வாங்கறதுக்கு முன்ன முட்டை இருக்கான்னு கேட்டுருங்க, மேல் பூச்சுல தடவறாங்க சில கடையில.

ஊருக்கு வெளிய எத்ருஸ்கர் வெட்டின பள்ளச் சாலை. ரெண்டு பக்கமும் பாறைச் சுவர், சில இடத்துல 20 மீட்டர் உயரம். உளி பட்ட தடம்கூட தெரியும். எதுக்கு வெட்டினாங்கன்னு இன்னும் ஆராய்ச்சிக்காரங்க அடிச்சுக்கறாங்க. உங்க மாமாவும் சேந்துக்கட்டும்.

காருக்கு ரெண்டு விஷயம். நம்ம லைசென்ஸோட சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் ஊர்லயே வாங்கிட்டுப் போயிருங்க. அப்பறம் வெள்ளை வட்டம், சிவப்பு விளிம்பு, “ஸோனா ஆ த்ராஃபிக்கோ லிமிதாத்தோ”ன்னு எழுதின பலகை, வண்டி நுழையக் கட்டுப்பாடுள்ள பகுதின்னு அர்த்தம். “வார்க்கோ அத்தீவோ”ன்னு எரிஞ்சா உள்ள போகவே கூடாது, கேமரா இருக்கு. யாரும் நிறுத்தமாட்டாங்க, எதுவும் சொல்லமாட்டாங்க. வெளிநாட்டுக்காரருக்கு அபராத ஓலை அனுப்ப அவங்களுக்கு 360 நாள் அவகாசம். கார் கம்பெனி விலாசம் கொடுத்ததுக்குத் தனியா ஒரு தொகை கார்டுல புடிச்சிரும். மதிலுக்கு வெளிய நிறுத்துங்க: நீலக் கோடு காசு, வெள்ளைக் கோடு இலவசம், மஞ்சள் நமக்கில்லை.

உம்ப்ரியாக்காரி

தம்பி சொன்ன காருக்கு இப்போது என் ஆசீர்வாதம் உண்டு. பித்திலியானோவுக்கு மட்டும்.

கார் வேண்டாம் என்று தீர்மானித்தால் அந்த நாளுக்கு ஸ்பெல்லோ. ரோமிலிருந்து ஃபொலிஞ்ஞோ வரை ரயில், அங்கே மாறினால் அடுத்த நிறுத்தமே ஸ்பெல்லோ. நிலையத்திலிருந்து ரோமர் காலத்து நுழைவாயிலுக்குப் பத்து நிமிட நடை. ஊர் வெளிர் ரோஜா நிறக் கல், ஏற்றம் உண்டு, ஆனால் தெருவுக்குத் தெரு உட்காரத் திண்ணை. சாந்தா மரியா மஜ்ஜோரே கோயிலில் பிந்துரிக்கியோ 1501இல் முடித்த ஓவியங்கள். மரியாளுக்கு வானதூதர் சேதி சொல்கிற படத்தில், பக்கத்துச் சுவரில் மாட்டிய படம் போல ஓவியர் தன் முகத்தையே வரைந்து வைத்திருக்கிறார். அதற்கு மேலே ஒரு அலமாரியும் மெழுகுவர்த்தியும் புத்தகங்களும்.

ஓர்வியெத்தோ பேராலயத்தில் இரத்தக் கறை படிந்த ஒரு துணியைக் காட்டுவார்கள். 1263இல் போல்சேனாவில் பூசை நடக்கும்போது அப்பத்திலிருந்து இரத்தம் சிந்தியதாக நம்பிக்கை. அடுத்த வருஷமே போப் நான்காம் உர்பானோ ஓர்வியெத்தோவிலிருந்துதான் திருவுடல் திருவிழாவை உலகத்துக்கெல்லாம் அறிவித்தார். அந்தத் திருவிழாவுக்குத்தான் ஸ்பெல்லோக்காரர்கள் முந்தின ராத்திரி முழுக்கத் தெருவில் உட்கார்ந்து பூவிதழால் படம் போடுகிறார்கள். நம்மூர் மார்கழிக் கோலப்போட்டி தோற்றுவிடும். விடிந்ததும் ஊர்வலம் அதன் மேலேயே நடந்து போகும். அது மே, ஜூனில். அக்டோபரில் படங்களைத்தான் பார்க்கலாம்.

பஸ் பட்டியலைப் படிப்பது ஒரு தனிக் கலை, அதையும் சொல்லிவிடுகிறேன். “ஃபெரியாலே” என்று போட்டிருந்தால் திங்கள் முதல் சனி வரை. “ஃபெஸ்தீவோ” ஞாயிறும் விடுமுறையும். “ஸ்கொலாஸ்திக்கோ” என்றால் பள்ளிக்கூடம் நடக்கிற நாள் மட்டும், பிள்ளைகளோடு இடித்துக்கொண்டு போகணும். போகிற பஸ்ஸைப் பார்க்காதீர்கள், முதலில் திரும்புகிற கடைசி பஸ்ஸைப் பாருங்கள். மதியம் இரண்டு மணியோடு முடிந்துபோகிற தடங்கள் உண்டு. சீட்டை பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்து “தபாக்கி” என்கிற புகையிலைக் கடையில் வாங்கிவிடுங்கள், திரும்பி வருவதற்கும் சேர்த்து. அங்கே மதியம் பூட்டிவிட்டால் அலையணும். ரயிலுக்குக் காகிதச் சீட்டென்றால் ஏறுமுன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்தணும், போனில் வாங்கினால் செக்-இன் அழுத்தணும். பரிசோதகர் “தெரியாது” என்பதை ஏற்பதில்லை.

மழைக்காகிதம்

எல்லாருக்கும் பெரிய நன்றி. வீட்டில் உட்கார்ந்து போட்ட கணக்கு இது. முதல் நாள் ஓர்வியெத்தோ, அதிலேயே முழு நாளும். மாமா கிணற்றுக்குள் இறங்கியே தீருவேன் என்கிறார், நான் கூடப் போவேன். ஒரு நாள் விட்டு வித்தேர்போவும் வித்தொர்க்கியானோவும். மூன்றாவது, சனிக்கிழமை, காரில் பித்திலியானோ. சீவிதாவை இந்த முறை விட்டுவிடுகிறோம். சரியாக இருக்கிறதா?

திண்ணைவாசி

சீவிதாவை விட்டதற்கு ஒரு சபாஷ். சனிக்கிழமை பித்திலியானோ வேண்டாம். தொழுகைக்கூடம் பூட்டு என்று தம்பி மேலேயே எழுதியிருக்கிறார். அதை வெள்ளிக்கு மாற்றி, வித்தேர்போவைச் சனிக்கு வையுங்கள். “ஃபெரியாலே” என்றால் சனியும் சேர்த்திதானே, வித்தொர்க்கியானோ பஸ் ஓடும்.

உம்ப்ரியாக்காரி

அதோடு உங்கள் பயணம் நவம்பர் 1ஐத் தொடுகிறதா என்று பாருங்கள். சகல புனிதர் திருநாள், தேசிய விடுமுறை. சனிக்கிழமையே அந்தத் தேதி வந்தால் திண்ணைவாசி சொன்ன கணக்கு செல்லாது, பஸ் ஞாயிற்றுக்கிழமைப் பட்டியல்படிதான். அப்படி என்றால் அன்றைக்கு ஸ்பெல்லோவுக்கு ரயிலில் போங்கள், வித்தேர்போவை வியாழனுக்குத் தள்ளுங்கள்.

மழைக்காகிதம்

பார்த்தேன் அக்கா. சனி 1ஆம் தேதியேதான். வியாழன் வித்தேர்போ, வெள்ளி பித்திலியானோ, சனி ஸ்பெல்லோ, ஓர்வியெத்தோ புதன். கார் வெள்ளி காலைக்குப் பதிவு பண்ணிவிட்டேன்.